பால்டிமோர் தங்க இதழும் காஞ்சிபுரம் தையல் மேசையும்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் எடுத்த பட்டுச்சேலை மணமேடை ஏறுவதற்குள் இன்னும் சில கைகளுக்குப் போய்வர வேண்டும். ஓரம் அடிக்க வேண்டும், ஃபால்ஸ் தைக்க வேண்டும், முந்தியில் குஞ்சம் கட்ட வேண்டும், சேலையோடு சேர்த்து நெய்த துண்டை வெட்டி ஜாக்கெட் தைக்க வேண்டும். ஆடி கழிந்து ஆவணி முகூர்த்தம் நெருங்கினால் தையல் கடைகளில் பை வைக்க இடமிருக்காது. அங்குள்ள ‘பவர் மிஷின்’ மேசைகளுக்கு அடியில் ஒருகாலத்தில் தொங்கியது கனமான கிளட்ச் மோட்டார். தைத்தாலும் தைக்காவிட்டாலும் ஓயாமல் இரைந்துகொண்டே இருக்கும். இன்று பல கடைகளில் அதற்குப் பதில் சிறிய சர்வோ மோட்டார் தொங்குகிறது. பெடலை அழுத்தினால்தான் ஓடும், காலை எடுத்தால் அந்த நொடியே நிற்கும்.

இப்படிப்பட்ட மோட்டார் ஒன்றின் பின்மூடியைக் கழற்றினால், சுருள்களை ஒட்டிய சர்க்யூட் பலகையில் மூன்று கறுப்புச் சில்லுகளைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் சுமார் 4 மில்லிமீட்டர் அகலம், மூன்று கால். ஒரு கால் மின்சாரம் வாங்க, ஒன்று தரைக்கு, ஒன்று சேதி சொல்ல. கடைக்காரர்கள் ‘ஹால் சென்சார்’ என்பார்கள். மோட்டார் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும், தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரிவது இந்த மூன்றின் மூலம்தான். மேசைக்கு அடியில் வந்து ஒட்டிக்கொள்வதற்கு முன் இந்தச் சில்லு நடந்த தூரம் நூற்றுநாற்பது ஆண்டுக்கும் மேல்.

தங்கத்தில் ஒரு திசை, இரும்பில் ஒரு திசை

அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் தொடங்கி 1879இல் மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. அங்கே ஹென்றி ரோலண்டிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த எட்வின் ஹால், மேக்ஸ்வெல் எழுதிய மின்காந்தவியல் நூலில் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டார். மின்சாரம் ஓடும் கம்பியைக் காந்தத்தின் அருகே வைத்தால் கம்பி தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளுதல் கம்பியின் மீதுதானே தவிர உள்ளே ஓடும் மின்னோட்டத்தின் மீது இல்லை என்று மேக்ஸ்வெல் எழுதியிருந்தார். ஹாலுக்கு இது ஒப்பவில்லை. மின்னோட்டமே ஓரமாகத் தள்ளப்பட்டால், கம்பியின் ஒரு விளிம்புக்கும் மறு விளிம்புக்கும் இடையே சிறிய மின்னழுத்தம் தெரிய வேண்டுமே?

தடித்த உலோகத்தில் செய்த முதல் முயற்சியில் ஒன்றும் தெரியவில்லை. தங்க இதழைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிப் பார்க்கும்படி ரோலண்ட் சொன்னார். 1879 அக்டோபர் 28 அன்று அந்த மெல்லிய தங்கத்தின் நீளவாக்கில் மின்சாரம் ஓட, அதற்குச் செங்குத்தாகக் காந்தம் நிற்க, குறுக்குவாக்கில் இணைத்திருந்த கால்வனாமீட்டர் விலகி நின்றது. காந்தத்தின் துருவத்தை மாற்றியதும் எதிர்ப்பக்கம் விலகியது. வெள்ளிமேல் மெல்லிய பூச்சாகத் தங்கத்தை ஏற்றி அதைச் சரிகை என்று விற்கும் ஊருக்கு, தங்கம் மெலிந்தால்தான் வேலை செய்யும் என்பது புதிய சேதியாக இருக்காது.

அடுத்த ஆண்டு ஹால் வேறு உலோகங்களையும் எடுத்துப் பார்த்தார். இரும்பு அவரைத் திகைக்க வைத்தது. அதே மின்சாரம், அதே காந்தம், ஆனால் மின்னழுத்தம் தங்கத்தில் வந்ததற்கு நேர் எதிர்ப்பக்கம் வந்தது. எலக்ட்ரான் என்று ஒன்று இருப்பதே 1897இல்தான் தெரியப்போகிறது. ஆகவே இந்தத் திசை ஏன் புரண்டது என்று சொல்ல அப்போது யாராலும் முடியவில்லை. அதற்குக் குவாண்டம் இயற்பியல் வரவேண்டியிருந்தது. குறி மாறிப்போகும் தொல்லை இந்தச் சில்லுக்குப் பிறவியிலேயே வந்தது.

வேலை கிடைக்காத எழுபது ஆண்டுகள்

கண்டுபிடித்தாயிற்று, பயன்தான் இல்லை. உலோகத்தில் எலக்ட்ரான்கள் நிறைந்து கிடப்பதால் குறுக்கே தோன்றும் மின்னழுத்தம் மிகச் சொற்பம். அதை அளக்கவே ஆய்வகம் வேண்டும். ஹால் பிறகு ஹார்வர்டுக்குப் போய்ப் பேராசிரியராக ஓய்வுபெற்று 1938இல் காலமானார். அவர் பெயர் கொண்ட விளைவு அதுவரை பாடப்புத்தகத்தைத் தாண்டிப் பெரிதாக எங்கும் வேலைக்குப் போகவில்லை.

குறைகடத்திகள் வந்துதான் விடிந்தது. அவற்றில் மின்சாரத்தைச் சுமப்பவை எண்ணிக்கையில் குறைவு. சில பொருள்களில் அவை மிக வேகமாகவும் ஓடும். ஜெர்மனியில் சீமென்ஸ் நிறுவனத்தின் ஹைன்ரிக் வெல்கர் 1950களின் தொடக்கத்தில் இண்டியம் ஆண்டிமனைடு போன்ற சேர்மங்களின் குணங்களை வெளியிட்டார். தங்க இதழில் கண்ணுக்கே எட்டாத மின்னழுத்தம் இவற்றில் கருவிகளுக்குப் பயன்படும் அளவுக்கு வந்தது. 1968இல் ஹனிவெல் நிறுவனம் இதே விளைவை வைத்துக் கணினி விசைப்பலகை செய்தது. விசையை அழுத்தினால் ஒரு குட்டிக் காந்தம் கீழே இறங்கும், அடியில் உள்ள சில்லு அதை உணரும். உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளாததால் தேய்மானம் கிடையாது. ஹால் சில்லு முதன்முதலாகக் கூட்டங்கூட்டமாக உற்பத்தியானது இப்படிப்பட்ட வேலைகளுக்காகத்தான்.

அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தன் முன்னால் நிற்பது வடதுருவமா தென்துருவமா என்பது. மோட்டாருக்கு அது போதுமாயிருந்தது.

கரியின் வேலையை எடுத்துக்கொண்டது

பழைய டிசி மோட்டாரில் எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் போக வேண்டும் என்பதைக் கார்பன் பிரஷ் பார்த்துக்கொள்ளும். சுழலும் செப்புப் பட்டைகளை உரசியபடியே அது அடுத்த சுருளுக்கு மின்சாரத்தை மாற்றிவிடும். உரசுவதால் தேயும், பொறி பறக்கும், கரித்தூள் உதிரும். 1962இல் டி.ஜி. வில்சனும் பி.எச். டிரிக்கியும் இந்த மாற்றிவிடும் வேலையைத் திண்மநிலைக் கருவிகளிடம் ஒப்படைக்கும் மோட்டாரை விவரித்தார்கள். சுருள்கள் வெளியே அசையாமல் நிற்கும், காந்தம் உள்ளே சுழலும். 1980களின் தொடக்கத்தில் நியோடிமியம் காந்தம் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கப்பட்டதும், இத்தகைய மோட்டார்கள் கையடக்கமாகின.

கரி போய்விட்டால், இப்போது எந்தச் சுருளுக்கு முறை என்று யார் சொல்வது? அந்த வேலைக்கு ஹால் சில்லுகள் மூன்று வந்தன. மின்கோணத்தில் 120 பாகை இடைவெளியில் அவை உட்காரும். ஒவ்வொன்றும் ‘ஒன்று’ அல்லது ‘பூஜ்யம்’ என்று மட்டுமே சொல்லும். மூன்றையும் சேர்த்துப் படித்தால் 001, 011, 010, 110, 100, 101 என்று ஆறு நிலைகள் வரிசையாக வந்து மறுபடி தொடங்கும். 000, 111 இரண்டும் இந்த அமைப்பில் வரவே கூடாது. வந்தால் ஒரு சில்லு செத்துவிட்டது, அல்லது ஒயர் அறுந்துவிட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஓர் அட்டவணை இருக்கும்: இந்த நிலை என்றால் இந்த இரண்டு சுருள்களுக்கு மின்சாரம். வரிசை முன்னோக்கி நகர்ந்தால் ஒரு திசை, பின்னோக்கி நகர்ந்தால் மறுதிசை.

தறி ஓரம் வரை

தமிழ்நாட்டுக்கு மோட்டார் இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது, கோவை ஆலைகள் பெருகின. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் தயாரித்துக் காட்டினார்கள். மாவு மில், கிணற்றடி, மரக்கடை என்று மூன்று ஃபேஸ் மோட்டார் நுழையாத இடமில்லை.

காஞ்சிபுரத்தில் அது ஓரிடத்தில் நின்றுவிட்டது. 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், கைத்தறிக்கென்றே சில துணி வகைகளை ஒதுக்கியது. இப்போது அந்தப் பட்டியலில் இருக்கும் 11 வகைகளில் சேலையும் ஒன்று. 1993இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்று உறுதிசெய்தது. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சட்டத்தை விடுங்கள், உடலும் பேட்டும் (கரையும்) தனித்தனி நாடாவில் ஓட, இரண்டையும் பூட்டிக் கோர்வை நெய்வதற்கே இரண்டு பேர் கை வேண்டும். பிள்ளையார்பாளையத்துக் குழித்தறியில் அந்த இடத்தை மோட்டார் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் தறியைச் சுற்றி எல்லாப் பக்கமும் வந்து உட்கார்ந்துகொண்டது. பட்டு முறுக்கும் இயந்திரத்தில் மோட்டார். அங்கே திசைதான் எல்லாமே: ஒற்றை இழையை ஒரு பக்கம் முறுக்கினால், இழைகளைச் சேர்த்து முறுக்குவது எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நூல் நிற்காமல் சுருண்டுகொள்ளும். தார் சுற்றுவதில் மோட்டார். ஜக்கார்டு அட்டையில் துளை போடுவதில் மோட்டார். ஜக்கார்டு பெட்டியின் பாரத்தைக் காலால் மிதித்துத் தூக்கும் சிரமத்தைக் குறைக்க மோட்டாரையோ காற்றழுத்தத்தையோ வைக்கும் முயற்சிகளும் உண்டு. அதோடு, அப்படித் தூக்கினால் அது கைத்தறிதானா என்ற வாதமும் உண்டு. சேலை தறியைவிட்டு இறங்கியபின் எந்த வாதமும் இல்லை. தையல் மேசையில் மோட்டாருக்குத் தடையேயில்லை. ஹால் சில்லு இந்த ஊரில் சத்தமில்லாமல் குடியேறியது அங்கேதான்.

இரண்டு ஒயர் வித்தை

தையல் மேசையில் அடிக்கடி நடப்பது இது. கட்டுப்பாட்டுப் பெட்டி புகைந்துபோகும். அதே பெட்டி கிடைக்காது, வேறு பெட்டி வாங்கி வந்து பழைய மோட்டாரோடு சேர்ப்பார்கள்.

“தம்பி, மிஷின் பின்பக்கமா ஓடுது பாரு. நூலெல்லாம் அடியில சுருட்டிக்குது.”

“அவ்வளவுதானேக்கா? ரெண்டு ஒயரை மாத்திப் போட்டா சரியாயிடும்.”

தம்பி சொல்வது நம் ஊர் வயர்மேன்கள் எல்லாருடைய கையிலும் ஊறிய வித்தை. கிணற்று மோட்டார் தலைகீழாகச் சுற்றினால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றினால் போதும். மூன்று ஃபேஸ் மின்சாரம் உள்ளே ஒரு காந்தச் சுழலை உண்டாக்குகிறது. இரண்டை மாற்றினால் சுழல் எதிர்ப்பக்கம் ஓடுகிறது. ரோட்டர் பேசாமல் அதன் பின்னால் போகிறது. 1888இல் ஃபெராரிஸும் டெஸ்லாவும் தனித்தனியே உலகுக்குச் சொன்ன அந்த மோட்டார் எங்கே நிற்கிறோம் என்று யாரையும் கேட்பதில்லை.

சர்வோவில் இந்த வித்தை பலிக்காது. சுருள்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் தடித்த ஒயர் இரண்டை மாற்றியதும் மோட்டார் உறுமும், உதறும், ஓரிடத்தில் இறுகி நிற்கும், சூடேறும். பெட்டி பிழை எண்ணைக் காட்டி அணைந்துவிடும். மின்சாரத்தின் வரிசை மாறிவிட்டது, மெல்லிய ஒயர்களில் வரும் சென்சாரின் வரிசையோ பழையபடியே இருக்கிறது. கண் ஒன்று சொல்ல, கால் ஒன்று செய்கிறது.

தடித்த ஒயர் மூன்றை ஆறு விதமாக மாட்டலாம், மெல்லிய ஒயர் மூன்றை ஆறு விதமாக மாட்டலாம். மொத்தம் 36. அவற்றில் ஆறுதான் சரி. மூன்றில் முன்பக்கம் ஓடும், மூன்றில் பின்பக்கம். ஒயர் நிறத்தை நம்புவதற்கில்லை. மஞ்சள், பச்சை, நீலம் என்று இரு பக்கமும் ஒரே நிறங்கள் இருந்தாலும், ஒரு தயாரிப்பாளரின் மஞ்சள் இன்னொருவருக்கு மஞ்சளாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மீதி முப்பதில் சில ஏமாற்றும்: மோட்டார் சுற்றும், ஆனால் இரையும், வழக்கத்தைவிட அதிக மின்சாரம் இழுக்கும், சுமை ஏறியதும் திணறும். ‘ஓடுதே, போதும்’ என்று விட்டால் சுருள் கருகும்.

விவரமானவர்கள் முதலில் பெல்ட்டைக் கழற்றிவிடுவார்கள். மோட்டார் எப்படி ஓடினாலும் ஊசியோ விரலோ அகப்படாது. பிறகு சென்சார்களுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, மூன்று சின்ன விளக்குகள் உள்ள சோதனைக் கருவியை மாட்டி, தண்டைக் கையால் மெதுவாகத் திருப்புவார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு விளக்கு மட்டுமே மாற வேண்டும். ஆறு நிலையும் வர வேண்டும். மூன்றும் சேர்ந்து எரியவோ சேர்ந்து அணையவோ கூடாது. கண் சரி என்று தெரிந்தபின்தான் கால். மெல்லிய ஒயர்களை அப்படியே வைத்துவிட்டு, தடித்த ஒயர்களை மட்டும் ஆறு விதத்தில் மாற்றிப் பார்த்தால், ஒன்றில் மட்டும் மோட்டார் அமைதியாக, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும். அதுதான் இணை. தடித்த ஒயரைத் தொடும் ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தேங்கிய மின்சாரம் வடியும்வரை காத்திருக்க வேண்டும்.

இணை கண்டுபிடித்தபின்னும் அது அக்காவுக்கு வேண்டிய பக்கம் சுற்றும் என்று உறுதியில்லை. இரண்டும் வேறு வேறு கேள்விகள். சென்சாரும் சுருளும் ஒத்துப்போகின்றனவா என்பது மோட்டாருக்குள் தீர வேண்டிய விஷயம்; அதற்கு இயற்பியல் ஒரே விடைதான் தரும். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்பது மோட்டாருக்குத் தெரியவே முடியாத விஷயம். அதை மேசைதான் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, இரண்டாவது கேள்விக்கு முதலாவதன் விடையை மாட்டுவதுதான் தம்பி செய்தது.

திசையைப் பற்றி இன்னொரு சிக்கல், எங்கிருந்து பார்க்கிறோம் என்பது. கோயிலில் வலம் வருவதற்குச் சன்னிதி நடுவே இருக்கிறது, அதை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் குழப்பமில்லை. மோட்டாருக்கு அப்படி ஒரு சன்னிதியை நாமே குறிக்க வேண்டும். சர்வதேசத் தரம், தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் முனையிலிருந்து பார்க்கச் சொல்கிறது. ஃபேஸ் வரிசை முறையாக இருந்தால் மோட்டார் அங்கிருந்து கடிகாரச் சுற்றாகச் சுழல வேண்டும். ஜப்பானின் யாஸ்காவா சிக்மா வரிசை டிரைவிலோ (ஆலை சர்வோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி) அதே முனையிலிருந்து பார்த்தால் எதிர்ச்சுற்றுதான் ‘முன்னோக்கி’. வேண்டாமென்றால் பிஎன்000 என்ற அமைப்பில் ஓர் இலக்கத்தை மாற்றலாம். பவர் மிஷினின் கைச்சக்கரம், அதை வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் எதிர்ச்சுற்றாகச் சுழல வேண்டும். அதாவது சக்கரத்தின் மேல்பகுதி தைப்பவரை நோக்கி வர வேண்டும். மோட்டாரின் தண்டு வலப்பக்கம் பார்த்திருந்தால் அதற்கும் அதே சுற்று. அதே மோட்டாரைத் தண்டு இடப்பக்கம் பார்க்கும்படி தொங்கவிட்டால், அதன் கணக்கில் திசை நேர்மாறு. அதனால்தான் தையல் சர்வோக்களின் பெட்டியில் திசைக்கென்று தனி அமைப்பு வைத்திருக்கிறார்கள். அதை மாற்றினால் பெட்டி தன் அட்டவணையை மாற்றிப் படிக்கும். கண்ணும் காலும் சேர்ந்தே திரும்பும். ஒரு ஒயரையும் தொட வேண்டாம்.

பெல்ட்டை மாட்டியபின் மற்றொரு ஹால் சில்லு வேலைக்கு வரும். பல மிஷின்களில் கைச்சக்கரத்தில் ஒரு குட்டிக் காந்தம் இருக்கும். அது ஒவ்வொரு சுற்றிலும் சென்சாரைக் கடக்கும்போது ஊசி எங்கே இருக்கிறது என்று பெட்டிக்குத் தெரியும். காலை எடுத்தால் ஊசி மேலேயோ கீழேயோ, கேட்ட இடத்தில் நிற்கும். கழுத்து வளைவில் துணியைத் திருப்ப ஊசி துணிக்குள் நிற்க வேண்டும். துணியை வெளியே எடுக்க மேலே நிற்க வேண்டும். பருத்தியில் தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். பட்டில் பிரித்தால் ஊசித் துளை அப்படியே தெரியும். அதனால்தான் முதலில் பழைய பருத்தித் துண்டில் ஓட்டிப் பார்க்காமல் எந்தத் தையற்காரரும் பட்டை அடியில் கொடுப்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து உறவினர்கள்

இதே மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் தன் சான்ட்ரோவை வெளியிட்டது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. கார்த் தகடுகளைப் பற்றவைக்கும் ரோபோ கையின் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சர்வோ இருக்கிறது. அங்கே ஆறு நிலைகளை மட்டும் சொல்லும் சில்லு போதாது. ஒரு சுற்றை லட்சக்கணக்கான படிகளாகப் பிரித்துச் சொல்லும் என்கோடர் வேண்டும். ஆனாலும் கேள்விகள் அதே இரண்டுதான்.

என்கோடரை மாற்றினால், அதன் பூஜ்யமும் ரோட்டர் காந்தத்தின் அச்சும் எத்தனை பாகை விலகியிருக்கின்றன என்று டிரைவுக்குக் கற்பிக்க வேண்டும். சுமையைப் பிரித்துவிட்டு, சுருள்களில் கொஞ்சம் நேர்மின்சாரம் விட்டால் ரோட்டர் தெரிந்த ஓர் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது என்கோடர் காட்டும் எண்தான் விலகல்; அதை டிரைவில் பதிந்துவிட வேண்டும். அடுத்து, சுருளின் வரிசைப்படி தண்டு நகரும்போது என்கோடர் எண் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் ஆபத்து. ‘கொஞ்சம் முன்னே போ’ என்று டிரைவ் சொல்ல, மோட்டார் போகும், சென்சார் ‘பின்னே வந்துவிட்டேன்’ என்னும். டிரைவ் இன்னும் பலமாகத் தள்ளும், பிழை இன்னும் பெருகும். வேகம் எகிறிப் பாதுகாப்பு அமைப்பு வெட்டும்வரை அது நிற்காது. பின்னூட்டத்தில் குறி ஒன்று தப்பினால், பிழையைக் குறைக்க வந்த பலமே பிழையை வளர்க்கும்.

இனி எங்கே

ஹால் சில்லுக்கு இப்போது வேலை பறிபோகும் காலமும் வந்திருக்கிறது. மோட்டார் சுற்றும்போது சுருள்களில் தானாகத் தோன்றும் மின்னழுத்தத்தைப் படித்தே ரோட்டரின் இடத்தைக் கணக்கிட்டுவிடலாம். சென்சார் இல்லை, மெல்லிய ஒயர் இல்லை, 36 குழப்பமும் இல்லை. இன்று வீட்டில் மாட்டும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத) மின்விசிறிகள் பலவும் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் அந்த மின்னழுத்தம் சுற்றினால்தான் உண்டு. நிற்கும் மோட்டார் ஊமை. அதனால் சென்சார் இல்லாத எளிய மோட்டார்கள் புறப்படும்போது குத்துமதிப்பாக ஒரு தள்ளு தள்ளிப் பார்க்கின்றன. சிலசமயம் ஒரு நொடி பின்பக்கம் அசைந்துவிட்டுத்தான் முன்னே போகின்றன. உத்தரத்தில் தொங்கும் விசிறிக்கு அதனால் நட்டமில்லை.

பட்டுக்குள் இறங்கி நிற்கும் ஊசி அப்படி அசையக் கூடாது. நின்ற இடத்திலிருந்து, சுமையோடு, முதல் தள்ளிலேயே சரியான பக்கம் புறப்பட வேண்டிய மின் ஸ்கூட்டரும் தையல் மேசையும் இந்தச் சில்லை இன்னும் விடவில்லை. அவற்றைப் பழுதுபார்ப்பவருக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கழற்றுவதற்கு முன் எந்த ஒயர் எங்கே இருந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணும் காலும் ஒத்துப்போனபின் ஒயர்களைத் தொடாதீர்கள். பக்கம் மாற வேண்டுமானால் பெட்டியில் திசைக்கான அமைப்பை மாற்றுங்கள்; மாற்றியதும் மேசைக்கு அடியில் மோட்டார் மீதே ஒரு அம்புக்குறி வரைந்துவிடுங்கள், அடுத்து வருபவர் மறுபடி முப்பத்தாறிலிருந்து தொடங்க வேண்டாம்.